இருங்காட்டுக்கோட்டை கார் யார் கணக்கில்? மாறப்போகும் ஜிடிபி கணக்கும் தமிழ்நாட்டின் கேள்விகளும்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டைக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசைகட்டி நிற்கும் கம்பெனி பஸ்களே சொல்லிவிடும். ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் 1998-ல் இங்கிருந்துதான் வெளியே வந்தது. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று கார், செல்போன், டயர், கண்ணாடி, புல்லட் எல்லாம் தயாராகும் நீண்ட தொழில் பட்டையின் ஒரு முனை இது.

இப்போது ஒரு சின்ன கணக்கு. 8 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு கார் இந்த கேட்டைத் தாண்டி வெளியே போகிறது. இதனால் நாட்டின் ஜிடிபி எவ்வளவு கூடும்? அதில் தமிழ்நாட்டின் கணக்கில் எவ்வளவு சேரும்? அந்தக் காருக்குக் கதவு பொருத்திய தொழிலாளியின் வீட்டுக்கு எவ்வளவு போகும்?

"8 லட்சம்" என்று சொன்னால் முதல் கேள்விக்கே தப்பு. முதல் கேள்விக்கு அரசிடம் ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத் தோராயமான பதில் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அட்டவணையை அரசு வழக்கமாக வெளியிடுவதே இல்லை. ஆனால் வரிக் குறைப்பு, மானியம், கடன் வரம்பு எல்லாம் இந்த மூன்று பதில்களையும் நம்பித்தான் முடிவாகின்றன.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

மத்திய புள்ளியியல் அமைச்சகம் ஜிடிபி கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றுகிறது. இதுவரை 2011-12 அடிப்படை ஆண்டாக இருந்தது. இனி 2022-23. புதிய வரிசை 2026 பிப்ரவரி 27 அன்று வெளியாகும் என்று அமைச்சகம் அறிவித்திருக்கிறது. இதற்கு ஆலோசனை சொல்ல, பொருளாதாரப் பேராசிரியர் பி.என்.கோல்டார் தலைமையில் 2024-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜனவரி 7-ம் தேதி வெளியான "2025-26-ல் 7.4% வளர்ச்சி" என்ற முன்மதிப்பீடு பழைய வரிசையில் போட்ட கணக்கு.

அடிப்படை ஆண்டு என்றால்? சிம்பிளாகச் சொன்னால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு உண்மையான வளர்ச்சியைப் பார்க்க, "இந்த ஆண்டின் விலையில் எல்லாவற்றையும் அளப்போம்" என்று பிடித்துக்கொள்ளும் ஆண்டு. அந்த ஆண்டில் எந்தத் துறை எவ்வளவு பெரியது என்பதும் அப்போதுதான் புதிதாக அளக்கப்படும். 2011-12-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஓடிக்கொண்டிருந்தது. இன்று நோக்கியா இல்லை, ஐபோன் இருக்கிறது. பழைய அளவுகோலை வைத்துக்கொண்டு புதிய ஊரை அளந்தால் என்ன ஆகும்? அதுதான் பிரச்னை.

சர்வதேச நாணய நிதியம் 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இந்தியாவின் தேசியக் கணக்குத் தரவுகளுக்கு 'சி' தரம் கொடுத்தது. "வளர்ச்சி பொய்" என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. அடிப்படை ஆண்டு பழசாகிவிட்டது, விலை மாற்றத்தைக் கழிக்கும் முறை சரியில்லை, உற்பத்தி வழியாகப் போடும் கணக்கும் செலவு வழியாகப் போடும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பவைதான் அது சுட்டிய குறைகள்.

காரின் விலை வேறு, கூட்டிய மதிப்பு வேறு

நம்ம 8 லட்சம் ரூபாய் காருக்கு வருவோம். எஃகுத் தகடு, டயர், கண்ணாடி, சீட், வயரிங், மின்சாரம், லாரி வாடகை என்று 6 லட்சம் ரூபாய்க்கு மற்றவர்களிடம் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (இது புரிவதற்காகச் சொல்லும் எண்தான், எந்த கம்பெனியின் கணக்கும் இல்லை). மீதி 2 லட்சம்தான் அந்தத் தொழிற்சாலை கூட்டிய மதிப்பு. சம்பளம், லாபம், தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

டயர் ஒரகடத்தில் தயாரானது என்றால் அதன் கூட்டிய மதிப்பு டயர் கம்பெனியின் கணக்கில் தனியாக வந்துவிடும். காரோடு சேர்த்து மறுபடியும் எண்ணினால் ஒரே டயரை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஒரு பாகம் கொரியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்தது என்றால் அதன் மதிப்பு நம் ஜிடிபியில் சேரவே சேராது.

தொழில்நுட்பத்துக்காகத் தாய் நிறுவனத்துக்குக் கட்டும் ராயல்டியும் அப்படித்தான். ஹூண்டாய் இந்தியா அந்த வகையில் விற்பனை வருவாயில் 3.5% கட்டுவதாகப் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் சொல்லியிருந்தது. கணக்கில் அது வெளிநாட்டிலிருந்து வாங்கிய சேவைக்கான செலவு.

இன்னொரு சுவாரஸ்யம். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியாவின் பங்கு வெளியீடு 27,870 கோடி ரூபாய்க்கு நடந்தது. அப்போதைக்கு நாட்டிலேயே பெரியது. அந்தப் பணத்தில் ஜிடிபிக்கு எவ்வளவு? தரகு, கட்டணம் தவிர ஒரு ரூபாய்கூட இல்லை. தாய் நிறுவனம் தன் கையிலிருந்த 17.5% பங்குகளை விற்றது, அவ்வளவுதான். கை மாறிய சொத்து உற்பத்தி ஆகாது.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போன் ஏற்றுமதியையும் பாருங்கள். 2024-25-ல் தமிழ்நாட்டின் எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,465 கோடி டாலர். நாட்டிலேயே முதலிடம். பெருமையான எண்தான். ஆனால் அது பெட்டிக்குள் இருக்கும் போனின் முழு விலை. சிப், கேமரா போன்ற விலை உயர்ந்த பாகங்கள் வெளியிலிருந்து வந்து இங்கே கோக்கப்பட்டால், இங்கே கூடிய மதிப்பு அதில் ஒரு பகுதிதான். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் தயாரிப்புக்கென்றே தனித் திட்டம் கொண்டுவந்ததன் பின்னணியில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஏற்றுமதி எண் ஏறுவதைவிட, அதில் நம் பங்கு ஏறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கார் எண்ணிக்கை அதேதான்... வளர்ச்சி மட்டும் 30%?

புதிய வரிசையில் வரும் முக்கியமான மாற்றம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஈஸிதான்.

ஒரு தொழிற்சாலை 100 ரூபாய்க்குப் பொருள் தயாரிக்கிறது. அதற்கு 75 ரூபாய்க்கு மூலப்பொருள் வாங்குகிறது. கூட்டிய மதிப்பு 25 ரூபாய். அடுத்த ஆண்டும் அதே எண்ணிக்கையில், அதே விலைக்கு விற்கிறது. ஆனால் மூலப்பொருள் விலை 10% இறங்கிவிட்டது. இப்போது மூலப்பொருள் செலவு 67.50 ரூபாய். கூட்டிய மதிப்பு 32.50 ரூபாய்.

பழைய முறையில், இந்த 32.50-லிருந்து விற்கும் பொருளின் விலை மாற்றத்தை மட்டும் கழிப்பார்கள். அந்த விலை மாறவே இல்லையே! அப்படியானால் "உண்மையான வளர்ச்சி" 25-லிருந்து 32.50. அதாவது 30%. ஒரு கார்கூட அதிகமாகத் தயாராகவில்லை, ஒரு ஆள்கூட கூடுதலாக வேலைக்கு எடுக்கப்படவில்லை. ஆனால் பேப்பரில் 30% வளர்ச்சி. மூலப்பொருள் விலை 10% ஏறினால் இதே கணக்கு தலைகீழாகி 30% வீழ்ச்சி காட்டும்.

சரியான முறை? விற்கும் பொருளின் விலை மாற்றத்தைத் தனியாகவும், வாங்கும் பொருளின் விலை மாற்றத்தைத் தனியாகவும் கழிக்க வேண்டும். இதை இரட்டை விலைநீக்கம் என்கிறார்கள். அப்படிச் செய்தால் நம் தொழிற்சாலையின் வளர்ச்சி பூஜ்யம். அதுதானே உண்மை?

கச்சா எண்ணெய் விலை சரிந்து, மொத்த விலைக் குறியீடு மைனஸுக்குப் போன 2015-16-ல் பொருளாதார நிபுணர்கள் பலர் எழுப்பிய சந்தேகம் இதுதான். புதிய வரிசையில் உற்பத்தித் துறைக்கு இரட்டை விலைநீக்கம் வரும் என்று அமைச்சகம் சொல்லியிருக்கிறது. ஆனால் தொழிற்சாலைகள் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் நேரடியாகச் சொல்லும் உற்பத்தியாளர் விலைக் குறியீடு நம்மிடம் இன்னும் நடைமுறையில் இல்லை. அது வரும்வரை இந்தத் திருத்தமும் முழுமையாக இருக்காது.

கம்பெனி ஒன்று, மாநிலம் இரண்டு

இனி தமிழ்நாட்டின் பங்கு.

தொழிற்சாலைகளை அளக்க நம் நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஆண்டுதோறும் நடக்கும் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு. மின்சாரம் பயன்படுத்தி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளும், மின்சாரம் இல்லாமல் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளும் இதில் வரும். இது இடத்தைப் பார்க்கும். இருங்காட்டுக்கோட்டை ஆலை என்றால் அந்த ஆலை மட்டும். இந்தக் கணக்கெடுப்பில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையிலும் வேலை செய்கிறவர்களின் எண்ணிக்கையிலும் தமிழ்நாடுதான் முதலிடம். நாட்டின் மொத்தத்தில் இரண்டிலும் சுமார் 15%.

இன்னொரு வழி, கம்பெனிகள் மத்திய அரசுக்குத் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கு. இது கம்பெனியை முழுசாகப் பார்க்கும். 2015-ல் வந்த 2011-12 வரிசை இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. தலைமை அலுவலகம், விற்பனைப் பிரிவு எல்லாம் கணக்குக்குள் வந்தது நல்ல விஷயம். ஆனால் கம்பெனிக் கணக்கில் "இது தமிழ்நாட்டில் சம்பாதித்தது, இது மகாராஷ்டிராவில் சம்பாதித்தது" என்று தனித்தனிக் கட்டம் கிடையாது.

ஹூண்டாயையே எடுத்துக்கொள்வோம். பதிவு அலுவலகம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில். தலைமை நிர்வாகம் ஹரியானாவின் குருகிராமில். ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வாங்கிய புனே அருகிலுள்ள தலேகான் ஆலையில் 2025-ல் உற்பத்தி தொடங்கியது. லாபத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு? அதனால், நாடு முழுவதற்குமான தனியார் கம்பெனிகளின் மொத்த எண்ணை எடுத்து, தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்கும் விகிதத்தைப் பார்த்து பங்கு போட்டார்கள். தமிழ்நாட்டின் உற்பத்தித் துறை எண்ணில் பெரும்பகுதி இப்படிப் பங்கு பிரித்து வந்தது. புதிய வரிசையில் இந்தப் பங்கீட்டுக்கு ஜிஎஸ்டி தரவுகளைப் பயன்படுத்தப் போவதாக அமைச்சகம் சொல்கிறது. ஒரே கம்பெனி பல தொழில் செய்தால் ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறையில் சேர்க்கப் போகிறார்கள். இதுவரை முக்கியத் தொழில் எதுவோ அதிலேயே மொத்தத்தையும் போட்டுவந்தார்கள்.

சரி, இதுல நமக்கு என்ன?

ஒரு மாநிலம் ஓராண்டில் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பது அதன் மொத்த உற்பத்தியில் 3% என்ற வரம்பை வைத்துத்தான். தமிழ்நாட்டின் 2024-25 மொத்த உற்பத்தி நடப்பு விலையில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய். இந்த எண் ஒரே ஒரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ, கடன் வரம்பு ஏறத்தாழ 930 கோடி ரூபாய் மாறும். அடுத்து, 2026-31 காலத்துக்கான 16-வது நிதிக்குழு, மத்திய வரியைப் பகிரும்போது "நாட்டின் ஜிடிபிக்கு மாநிலத்தின் பங்களிப்பு" என்ற புதிய அளவுகோலுக்கு 10% எடை கொடுத்திருக்கிறது. அதாவது, இருங்காட்டுக்கோட்டைக்கும் தலேகானுக்கும் நடுவில் ஒரு கம்பெனியின் மதிப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது, பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் மாநிலத்திடம் எவ்வளவு பணம் இருக்கும் என்பதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

தேர்தல் நேரம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024-25-ல் தமிழ்நாட்டின் வளர்ச்சி முதலில் 9.69% என்று வந்தது. சில மாதங்கள் கழித்து 11.19% ஆகத் திருத்தப்பட்டது. "எப்படித் திடீரென்று கூடியது?" என்று கேட்டவர்களும் உண்டு, கொண்டாடியவர்களும் உண்டு. முழுத் தரவு வர வர எண் திருத்தப்படுவது உலக வழக்கம். முதல் மதிப்பீட்டை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் நாம்தான் ஏமாறுவோம். அடிப்படை ஆண்டு மாறும்போது இந்த எண்களும் மறுபடி மாறலாம். கூடினாலும் குறைந்தாலும், முறை மாறியதால் வந்தது எவ்வளவு, உண்மையாக நடந்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்பதுதான் சரி.

கதவு பொருத்தியவர் எந்தத் துறை?

இந்தப் பகுதி முழுக்க வேலை செய்கிறவர்களில் பெரும் எண்ணிக்கை ஒப்பந்தத் தொழிலாளர்கள். நாடு முழுவதும் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் 40%-க்கும் மேல் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள் என்று தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது.

தொழிற்சாலைக் கணக்கெடுப்பு கான்ட்ராக்டர் வழியாக வந்த தொழிலாளியையும் அந்தத் தொழிற்சாலையின் ஆளாகத்தான் எண்ணும். ஆனால் கம்பெனியின் ஆண்டுக் கணக்கில், மேன்பவர் ஏஜென்சிக்குக் கொடுத்த பணம் "பிற செலவு" என்ற தலைப்புக்குள் போக வாய்ப்பு அதிகம். அப்படிப் போனால், டயர் வாங்கியதுபோல ஆள் பலமும் வெளியிலிருந்து வாங்கிய உள்ளீடு ஆகிவிடும். அந்தத் தொழிலாளியின் சம்பளம் சேவைத் துறையின் மதிப்பில் சேரும். பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே காருக்கு ஒருவர் இடது கதவும் ஒருவர் வலது கதவும் பொருத்துகிறார்கள். ஒருவர் உற்பத்தித் துறை, இன்னொருவர் சேவைத் துறை!

இது வெறும் பெயர்ப் பிரச்னை இல்லை. "உற்பத்தித் துறை வளரவில்லை, சேவைத் துறைதான் வளர்கிறது" என்று ஒரு முடிவுக்கு வந்து அதை வைத்து கொள்கை எழுதினால், அந்த முடிவில் ஒரு பகுதி நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாக மாற்றியதன் நிழலாக இருக்கலாம்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே

கேட்டுக்கு எதிரே டீக்கடை, டிபன் கடை, ஷேர் ஆட்டோ, பஞ்சர் கடை, மாத வாடகைக்கு அறை விடும் வீடுகள். இவர்கள் யாரும் கம்பெனிச் சட்டத்தில் கணக்குத் தாக்கல் செய்வதில்லை. இவர்களை எப்படி எண்ணுகிறார்கள்?

பழைய வரிசையில், 2010-11-ல் எடுத்த ஒரு சர்வேயை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதன்பிறகு மறைமுகக் குறியீடுகளின் போக்கைப் பார்த்து நீட்டிக்கொண்டே வந்தார்கள். இதில் சில இடங்களில் பெரிய கம்பெனிகளின் வளர்ச்சியே சின்னவர்களின் வளர்ச்சிக்கும் அளவுகோலானது. பெரியவர் வளர்ந்தால் சின்னவரும் வளர்ந்திருப்பார் என்ற நம்பிக்கை. 2016 பணமதிப்பிழப்பையும் 2020 ஊரடங்கையும் நினைத்துப் பாருங்கள். கம்பெனி தப்பித்தது, டீக்கடை மூடியது. அந்த இழப்பு இப்படிப்பட்ட கணக்கில் சரியாக விழாது.

இப்போது பதிவு பெறாத தொழில்களுக்கான சர்வே ஆண்டுதோறும் நடக்கிறது. 2023-24 சர்வேப்படி நாட்டில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் 7.34 கோடி, அவற்றில் வேலை செய்கிறவர்கள் 12.06 கோடி. புதிய வரிசையில் இந்த ஆண்டு சர்வேயையும் வேலைவாய்ப்பு சர்வேயையும் நேரடியாகப் பயன்படுத்தப் போகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-ல். அதன்பிறகு இந்தப் பகுதியில் எத்தனை ஹாஸ்டல், எத்தனை வெளிமாநிலத் தொழிலாளர்கள்! வல்லம் வடகாலில் 2024-ல் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். சர்வே சொல்வதை மக்கள்தொகைக்கு ஏற்பப் பெருக்கும்போது, இந்த இடைவெளி எண்ணிலும் தெரியும்.

நோக்கியா கற்றுக்கொடுத்த பாடம்

இதுவரை பேசியது எவ்வளவு என்ற கணக்கு. கொள்கை வகுக்க இன்னொன்றும் தெரிய வேண்டும். எது எதோடு இணைந்திருக்கிறது?

2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. வேலை இழந்தவர்கள் என்று அந்த ஆலையில் இருந்தவர்களை எண்ணினார்கள். ஆனால் அதே வளாகத்தில் பாகங்கள் செய்து கொடுத்தவர்கள், அவர்களுக்கு அட்டைப்பெட்டி கொடுத்தவர்கள், பஸ் ஓட்டியவர்கள், கேன்டீன் நடத்தியவர்கள்? ஒரு ஆலை மூடினால் அந்த அடி எத்தனை கை மாறி எங்கே போய் விழும் என்று சொல்ல ஒரு அட்டவணை வேண்டும்.

அந்த அட்டவணைக்குப் பெயர் உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை. வாஸிலி லியோண்டிப் என்ற பொருளாதார அறிஞர் இதற்காக 1973-ல் நோபல் பரிசு வாங்கினார். ஒவ்வொரு துறையும் மற்ற ஒவ்வொரு துறையிடமிருந்தும் எவ்வளவு வாங்குகிறது என்று கட்டம் போட்டு எழுதுவதுதான் இது. கார் துறை 100 ரூபாய்க்கு உற்பத்தி செய்ய எஃகு எவ்வளவு, ரப்பர் எவ்வளவு, போக்குவரத்து எவ்வளவு... பிறகு அந்த எஃகுக்கு நிலக்கரி எவ்வளவு... இப்படிச் சங்கிலியை முழுசாகப் பிடித்துவிடலாம்.

இந்தியாவில் முதல் அதிகாரபூர்வ அட்டவணை 1968-69-க்குப் போடப்பட்டது. கடைசியாக இந்த வடிவில் அதிகாரபூர்வமாக வந்தது 2007-08-க்கு. அதன்பிறகு 140 பொருட்கள், 66 துறைகள் கொண்ட வழங்கல்-பயன்பாட்டு அட்டவணையை அமைச்சகம் வெளியிடுகிறது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் சரிபார்க்கும் அட்டவணை இது. ஆனால் சில ஆண்டுத் தாமதத்தோடுதான் வருகிறது. புதிய வரிசையில் ஜிடிபி கணக்கையே இதனோடு இணைத்துவிடப் போவதாகச் சொல்கிறார்கள். அப்படி நடந்தால் உற்பத்தி வழிக் கணக்கும் செலவு வழிக் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். "முரண்பாடு" என்ற பெயரில் இத்தனை ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்த வரி சுருங்கும்.

வரியைக் குறைத்தார்களே, லாபம் யாருக்கு?

கடைசி அட்டவணை இது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைக்கும்.

2025 செப்டம்பர் 22 அன்று சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆனது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் சின்ன கார்களுக்கும் இது பொருந்தும். கார் வாங்கியவருக்கு விலை குறைந்தது, சரி. விற்பனை கூடினால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓவர்டைம் கூடுமா, அல்லது கம்பெனியின் லாபம் மட்டும் கூடுமா? அரசு இழந்த வரியை எந்தச் செலவில் குறைக்கும்? காருக்குப் போன குடும்பப் பணம் வேறு எந்தக் கடையிலிருந்து கழிந்தது?

இதற்கெல்லாம் சேர்த்து விடை தேட, உற்பத்தி, சம்பளம், குடும்பம், அரசு, சேமிப்பு, வெளிநாடு எல்லாவற்றையும் ஒரே சதுரத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு வரிசை, ஒரு நெடுக்கம். வரிசையில் வரவு, நெடுக்கத்தில் செலவு. இரண்டின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். ஒருவருடைய செலவு இன்னொருவருடைய வரவு என்பதுதான் இதன் அடிப்படை. இதைச் சமூகக் கணக்கு அணி என்கிறார்கள். தேசியக் கணக்குக்காக 1984-ல் நோபல் பெற்ற ரிச்சர்ட் ஸ்டோனின் கேம்பிரிட்ஜ் குழுவிலிருந்து வளர்ந்த யோசனை இது. இந்தச் சதுரத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில், "வரியை 10 புள்ளி குறைத்தால் யார் வரவு எவ்வளவு மாறும்?" என்று சோதித்துப் பார்க்கலாம்.

இந்தியாவுக்கு இப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன. ஆனால் அவை ஆய்வாளர்கள் கட்டியவை. சலூஜா, பிரதான் போன்றோர் பல ஆண்டுகளாகச் செய்திருக்கிறார்கள். சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் 2017-18-க்கு ஒன்று கட்டியது. அரசு தானே வழக்கமாக வெளியிடும் அணி என்று எதுவும் இல்லை. மாநில அளவில் கேட்கவே வேண்டாம்.

குடும்பங்களைப் பற்றிய தரவுதான் இதில் பெரிய தடையாக இருந்தது. 2011-12-க்குப் பிறகு 2017-18-ல் எடுத்த குடும்பச் செலவு சர்வே வெளியிடப்படாமலே கைவிடப்பட்டது. அடுத்த முடிவுகள் 2022-23-க்கும் 2023-24-க்கும்தான் வந்தன. இப்போது ஜிடிபியின் அடிப்படை ஆண்டும் 2022-23, குடும்பச் செலவு சர்வேயும் 2022-23. இரண்டும் ஒரே ஆண்டில் பொருந்தி நிற்பது ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாடல்கள் ஜோசியம் இல்லை. விலை குறைந்தால் மக்கள் எவ்வளவு கூடுதலாக வாங்குவார்கள் போன்ற பல எண்களை ஆய்வாளர் வெளியிலிருந்து எடுத்து உள்ளே போடுகிறார். அதை மாற்றினால் முடிவும் மாறும். அதனால்தான் அட்டவணையும் அனுமானங்களும் வெளிப்படையாக இருக்க வேண்டும். "இந்த முதலீட்டால் இத்தனை ஆயிரம் பேருக்கு நேரடியாகவும் மறைமுகமாகவும் வேலை" என்று ஒப்பந்தம் போடும்போதெல்லாம் ஒரு எண் சொல்கிறார்கள். அந்த "மறைமுகமாக" எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று கேட்டால், இன்றைக்குச் சரிபார்க்க வழியில்லை.

75 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலை

சுதந்திரம் கிடைத்து இரண்டே ஆண்டுகளில், 1949-ல், மகலநோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைக்கப்பட்டது. காட்கில், வி.கே.ஆர்.வி.ராவ் உறுப்பினர்கள். கம்ப்யூட்டரும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாத காலத்தில் ஒரு நாட்டின் வருமானத்தைக் கூட்டிக் காட்டியவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் உலகமே இந்திய சர்வே முறைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இன்றைக்குத் தரவு கொட்டிக் கிடக்கிறது. ஒன்றோடொன்று பொருத்துவதுதான் பாக்கி.

27-ம் தேதி எதைப் பார்க்கணும்?

தலைப்புச் செய்தி "ஜிடிபி கூடியதா, குறைந்ததா" என்றுதான் வரும். அதைத் தாண்டி நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

• உற்பத்தித் துறைக்கு இரட்டை விலைநீக்கம் முழுசாக வந்திருக்கிறதா, எந்த விலைக் குறியீட்டை வைத்து?

• உற்பத்தி, செலவு இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள முரண்பாடு எவ்வளவு சுருங்கியிருக்கிறது?

• பழைய ஆண்டுகளுக்கான எண்களும் புதிய முறையில் எப்போது வரும்? அது இல்லாமல் இந்த ஆட்சி, அந்த ஆட்சி என்று ஒப்பிடவே முடியாது.

• மாநிலங்களுக்கு எந்த விகிதத்தில் பங்கு பிரித்தார்கள் என்ற விவரம் பொதுவெளியில் கிடைக்கிறதா?

நான்காவது கேள்வியை டெல்லியிடம் மட்டும் கேட்டால் போதாது. தொழிற்சாலைகள் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் மாநிலம், தனக்கென ஒரு வழங்கல்-பயன்பாட்டு அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிட்டால், மானியம் கொடுக்கும்போதும் வரிச்சலுகை கொடுக்கும்போதும் யாருக்கு எவ்வளவு போகிறது என்று சட்டமன்றத்திலேயே எண்ணோடு கேட்கலாம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். அந்த உழவனாவது தன் கணக்கைத் தானே பார்த்தான். இருங்காட்டுக்கோட்டையில் இன்று இரவு ஷிப்டுக்கு பஸ் ஏறுகிறவரின் கணக்கை யாரோ ஒருவர் எங்கோ ஒரு கட்டத்தில் எழுதுகிறார். அது எந்தக் கட்டம் என்றாவது அவருக்குத் தெரிய வேண்டும்.